கிரேட்டன் கேசினோ பெரிதாகிறது: நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

வடக்குக் கலிபோர்னியாவில் பெட்டலூமாவிலிருந்து சாண்டா ரோசாவுக்கு 101 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். ரோனர்ட் பார்க் வரும்போது இடது பக்கம் கிரேட்டன் ரிசார்ட் கேசினோ தெரியும். 2023இலிருந்து அந்தப் பக்கம் பார்த்தாலே கட்டுமான வேலைதான். ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே நண்பர்கள் பொங்கல் விழாவில் பார்த்தாலும் சரி, பிறந்தநாள் விருந்தில் பார்த்தாலும் சரி, "உங்க ஊர்ல என்னப்பா கட்டறாங்க?" என்று தொடங்கிவிடுகிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். நான் சூதாடுகிறவன் இல்லை, அங்கே வேலை பார்ப்பவனும் இல்லை. பக்கத்து ஊர்க்காரன், அவ்வளவுதான்.

"இந்தியன் கேசினோ" என்கிறார்களே, நம்ம ஊர்க்காரர்கள் நடத்துவதா?

இல்லை. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். கொலம்பஸ் செய்த குழப்பம் சட்டப் புத்தகத்திலும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கச் சட்டங்களில் "இந்தியன்" என்றால் இந்த மண்ணின் பழங்குடிகள். தமிழில் "செவ்விந்தியர்" என்று படித்து வளர்ந்தோம். அந்தச் சொல்லை இப்போது எழுத எனக்குக் கை வருவதில்லை. பழங்குடி என்றே எழுதுகிறேன்.

கிரேட்டனின் சொந்தக்காரர்கள் "கிரேட்டன் ரேஞ்சரியா கூட்டுப் பழங்குடியினர்". கடற்கரை மீவோக், தெற்குப் போமோ என்ற இரு மக்களின் வழிவந்தவர்கள், சுமார் 1,500 பேர். மாரின், சொனோமா மாவட்டங்கள் இவர்களுடைய பூர்விக மண். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே வந்தால் நீங்கள் ஓட்டிக்கொண்டு போவது அவர்கள் ஊர் வழியாகத்தான்.

இந்த விரிவாக்கத்தில் என்னென்ன வருகிறது?

கேசினோ திறந்தது 2013 நவம்பர் 5. பணம் போட்டுச் சுற்றவிடும் ஸ்லாட் மெஷின்கள் சுமார் 3,000 வைத்துத் திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 80 கோடி டாலர். அன்றைக்கு 101இல் வண்டி நகரவே இல்லை, "இன்று வராதீர்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை. 2016இல் 200 அறைகள் கொண்ட ஹோட்டல் சேர்ந்தது.

2023இல் தொடங்கிய வேலை முதலில் கட்டியதைவிடப் பெரிய செலவு, சுமார் 100 கோடி டாலர். சூதாட்டத் தளம் ஏறக்குறைய இரு மடங்கு. ஹோட்டலுக்கு இன்னொரு பகுதியாக 221 அறைகள். 3,500 பேர் உட்காரும் அரங்கு. மொட்டை மாடியில் உணவகம். சுமார் 1,500 வண்டிகளுக்கு அடுக்கு பார்க்கிங். எல்லாம் ஒரே நாளில் ரிப்பன் வெட்டித் திறக்கும் விஷயமல்ல. ஒரு பகுதியில் வியாபாரம் ஓடும்போதே இன்னொரு பகுதியைக் கட்டுவதுதான் திட்டம். ஒரு நாள்கூடக் கடையை மூட மாட்டார்கள்.

இவ்வளவு கட்ட நகராட்சி எப்படி அனுமதி கொடுத்தது?

நகராட்சி அனுமதி தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு டெக் போடவே நகராட்சிக்கு ஆறு மாதம் அலைந்தவன் நான். கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

அந்த 254 ஏக்கர் நிலத்தை அமெரிக்க மத்திய அரசு 2010 அக்டோபரில் பழங்குடிக்காக டிரஸ்ட்டில், அதாவது அவர்கள் பயனுக்காகத் தன் பொறுப்பில், எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்த நிலம் அவர்களுடைய ரிசர்வேஷன், அவர்கள் அரசு நடக்கும் தனி நிலம். நகராட்சியின் நில உபயோக விதிகள் அதற்குள் செல்லாது, சொத்து வரியும் கிடையாது. பழங்குடி அரசு ஒரு அரசு. ரோனர்ட் பார்க் நகராட்சி சாண்டா ரோசா நகராட்சிக்கு எப்படி உத்தரவு போட முடியாதோ, அப்படித்தான் இதுவும். அதனால் இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். போலீஸ், தீயணைப்பு, சாலை, கழிவுநீர் இவற்றுக்கு இவ்வளவு தருகிறோம் என்று பழங்குடி எழுதிக் கொடுக்கும். ரோனர்ட் பார்க்கோடு அப்படி முதல் ஒப்பந்தம் 2003இலேயே வந்துவிட்டது, கேசினோ திறக்கப் பத்து வருடம் முன்பு.

எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. "ஸ்டாப் தி கேசினோ 101" என்று ஒரு கூட்டணி அமைத்து, அந்த நிலத்தின் மீது மாநிலத்துக்கு இன்னும் அதிகாரம் இருக்கிறது என்று வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார்கள்.

அவர்கள் நிலம் எங்கே போயிருந்தது, மறுபடி டிரஸ்ட்டில் எடுக்க?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் இது தெரியாமல் மற்ற எதுவும் புரியாது. அதனால் நானே கேட்டுக்கொண்டு பதிலும் சொல்கிறேன்.

1851, 52இல் மத்திய அரசின் ஆட்கள் கலிபோர்னியாப் பழங்குடிகளோடு 18 ஒப்பந்தங்கள் போட்டார்கள். சுமார் 85 லட்சம் ஏக்கர் அவர்களுக்கு விடப்படும் என்பது பேச்சு. செனட் அவற்றை அங்கீகரிக்க மறுத்தது. மறுத்ததோடு விடாமல், காகிதங்களையே ரகசியமாக வைத்துவிட்டது. 1905 வரை அவை வெளியே வரவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த மக்கள் சொந்த ஊரில் ஒண்டிக் குடித்தனம் இருந்தார்கள், பண்ணை வேலைக்குப் போனார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலமற்ற பழங்குடிகளுக்கென்று அரசு துண்டு துண்டாக இடம் வாங்கியது. அவற்றுக்குப் பெயர் ரேஞ்சரியா. 1920இல் கிரேட்டன் என்ற சிற்றூர் பக்கம் 15 ஏக்கர் சொச்சம் வாங்கினார்கள். டொமேல்ஸ், பொடேகா, செபாஸ்டபோல் என்று பல ஊர்களில் சிதறிக் கிடந்தவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து அந்தப் பதினைந்து ஏக்கர். நம் ஊரில் ஒரு நடுத்தர மிராசுதாரின் வயல்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அதுவும் நிலைக்கவில்லை. 1958இல் வந்த சட்டம் கலிபோர்னியாவில் 41 ரேஞ்சரியாக்களைக் கலைக்க வழி செய்தது. நிலத்தைத் தனி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு "இனி நீங்கள் பழங்குடி அல்ல" என்று எழுதிவிடுவது. கிரேட்டனுக்கு அது 1966இல் நடந்தது. ஆட்கள் இருந்தார்கள், பாட்டிகள் இருந்தார்கள், கூடை முடைந்தார்கள். அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் அப்படி ஒரு இனம் இல்லை. 2000 டிசம்பரில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம்தான் அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் கிரெக் சாரிஸ். எழுத்தாளர், கல்லூரிப் பேராசிரியர். பழங்குடியின் தலைவரும் அவர்தான்.

சூதாட்டம் நடத்த மாட்டோம் என்று சொல்லித்தான் அங்கீகாரம் வாங்கினார்களாமே?

இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னும் இதைச் சொல்லிப் பொருமுகிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் லின் வுல்சி கொண்டுவந்த முதல் மசோதாவில் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவு இருந்தது. கடைசியில் சட்டமானதில் அந்தப் பிரிவு இல்லை. 2003இல் கேசினோத் திட்டத்தை அறிவித்தபோது மாவட்டமே கொந்தளித்தது.

முதலில் பார்த்த இடம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா ஓரம், 37ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் சியர்ஸ் பாயிண்ட். சதுப்பு நிலத்துக்கு ஆபத்து என்று எதிர்ப்பு வந்ததும் அதை விட்டுவிட்டு ரோனர்ட் பார்க் பக்கம் வந்தார்கள்.

ஏமாற்றினார்களா என்று கேட்டால், 18 ஒப்பந்தங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிய தரப்பு வாக்குத் தவறியதைப் பற்றிப் பேசுவதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கோபமும் எனக்குப் புரிகிறது. வயல்வெளியைப் பார்த்துக் குடிவந்தவர் அவர். இன்று இரவு முழுக்க விளக்கு எரிகிறது.

இவர்களுக்கு மட்டும் ஏன் இந்த உரிமை? நான் கேசினோ திறக்க முடியாதா?

முடியாது. கலிபோர்னியாவின் அரசியல் சட்டமே அதைத் தடுக்கிறது.

கதை 1980களில் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்துப் பாலைவனத்தில் தொடங்குகிறது. கபசான், மொரோங்கோ என்ற இரு சிறு பழங்குடிகள் ரிசர்வேஷனில் பிங்கோ என்ற எண் விளையாட்டு நடத்தினார்கள். கபசான் சீட்டாட்டமும் நடத்தியது. மாநிலமும் ரிவர்சைட் மாவட்டமும் தடுக்கப் பார்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987 பிப்ரவரியில் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு. அதன் சாரம் இது: கலிபோர்னியா லாட்டரி விற்கிறது, குதிரைப் பந்தயத்துக்கு இடம் கொடுக்கிறது, தர்மக் காரியத்துக்குப் பிங்கோவை அனுமதிக்கிறது. சூதாட்டத்தை அடியோடு தடை செய்த மாநிலம் இல்லை, ஒழுங்குபடுத்துகிற மாநிலம். அந்த ஒழுங்கு விதிகளை ரிசர்வேஷனுக்குள் கொண்டுபோக அதற்கு அதிகாரம் கிடையாது.

அடுத்த வருடமே, 1988 அக்டோபர் 17 அன்று, காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அது சூதாட்டத்தை மூன்று வகுப்பாகப் பிரித்தது. மரபான பழங்குடி விளையாட்டுகள் முதல் வகுப்பு. பிங்கோ போன்றவை இரண்டாவது. ஸ்லாட் மெஷின், பிளாக்ஜாக் வகையறா மூன்றாவது. மூன்றாம் வகுப்பு வேண்டுமானால் மாநில ஆளுநரோடு ஒப்பந்தம் வேண்டும், அதைத்தான் காம்பாக்ட் என்கிறார்கள். கலிபோர்னியா வாக்காளர்கள் 1998இல் ஒரு முறை ஆதரவாக வாக்களித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2000 மார்ச்சில் அரசியல் சட்டத்தையே திருத்தி மறுபடி வாக்களித்தார்கள். அதிலிருந்து ஸ்லாட் மெஷின் வைக்கும் உரிமை இந்த மாநிலத்தில் பழங்குடிகளுக்கு மட்டும்.

கிரேட்டனின் முதல் காம்பாக்டில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2012இல் கையெழுத்திட்டார். அதில் மெஷின்களுக்கு உச்சவரம்பு 3,000. அதற்கு மேல் ஒரு மெஷின் வைக்க வேண்டுமானாலும் மாநிலத்தோடு மறுபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும். கட்டிடத்துக்கு நகராட்சி வாசலுக்குப் போக வேண்டியதில்லை என்றாலும், உள்ளே வைக்கும் பொருளுக்கு மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவின் வாசல் உண்டு.

வரியே கட்டுவதில்லையாமே?

பழங்குடி அரசு மத்திய அரசுக்கு வருமான வரி கட்டுவதில்லை. கலிபோர்னியா மாநிலம் வாஷிங்டனுக்கு வருமான வரி கட்டுகிறதா? அதே காரணம்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் நம்மைப் போலவே கட்டுகிறார்கள்.

வரி என்ற பெயர் இல்லாமல் போகும் பணம் நிறைய. ரோனர்ட் பார்க்குக்கும் சொனோமா மாவட்டத்துக்கும் போகிறது. கேசினோவே இல்லாத, அல்லது 350 மெஷினுக்குக் குறைவாக வைத்திருக்கும் பழங்குடிகளுக்கென்று மாநிலத்தில் ஒரு நிதி உண்டு. பெரிய கேசினோக்கள் போடும் பணத்திலிருந்து அந்தச் சிறு பழங்குடி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 11 லட்சம் டாலர் கிடைக்கும். மலைக்குள் எங்கோ இருக்கும் நூறு பேர் கொண்ட ஒரு பழங்குடிக்கு, ரோனர்ட் பார்க்கில் நீங்கள் தோற்ற இருபது டாலரில் ஒரு துளி போகிறது.

மிச்சப் பணம் யார் பைக்குப் போகிறது?

கேசினோ பழங்குடி அரசின் முழு உடைமையாக இருக்க வேண்டும் என்பது 1988 சட்டம். ஒரு தனி ஆளோ கம்பெனியோ பங்குதாரராக முடியாது. லாபத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்றும் அதுவே சொல்கிறது: பழங்குடி அரசை நடத்த, மக்களின் நலனுக்கு, பொருளாதார வளர்ச்சிக்கு, தர்மத்துக்கு, பக்கத்து உள்ளாட்சிகளுக்கு உதவ. உறுப்பினர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கவும் செய்யலாம். அதற்கு மத்திய உள்துறையின் (இங்கே பழங்குடி விவகாரங்களைக் கவனிக்கும் துறை அது) ஒப்புதல் வேண்டும், அப்படி வாங்குகிறவர் அந்தப் பணத்துக்கு வருமான வரியும் கட்ட வேண்டும்.

கிரேட்டன் செய்ததில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு, பழங்குடிச் சட்டம் படிப்பிக்க ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தார்கள். ஒரு சட்டத்தால் இல்லாமல் போன ஆட்கள், அடுத்த தலைமுறைக்கு வக்கீல்களைத் தயார் செய்கிறார்கள். 2021இல் பாயிண்ட் ரெய்ஸ் தேசியக் கடற்கரையைத் தேசியப் பூங்காத் துறையோடு சேர்ந்து கவனித்துக்கொள்ள இருபது வருட உடன்பாடும் போட்டார்கள். அடுத்த முறை அங்கே எல்க் மான் பார்க்கப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது மீவோக் மக்களின் பழைய கடற்கரை.

லாஸ் வேகாஸ் கம்பெனிதானே பின்னால் இருக்கிறது?

இருந்தது. ஸ்டேஷன் கேசினோஸ் என்ற வேகாஸ் நிறுவனம் முதல் ஏழு வருடம் நிர்வாகம் பார்த்தது. வெளியார் நிர்வாகம் பொதுவாக ஐந்து வருடம்தான், சிறப்பு அனுமதி இருந்தால் ஏழு. அவர்கள் வாங்கும் பங்குக்கும் உச்சவரம்பு உண்டு: நிகர வருமானத்தில் 30 சதவீதம், மிஞ்சினால் 40. 2021இல் ஒப்பந்தம் முடிந்து ஸ்டேஷன் வெளியேறியது. அப்புறம் பழங்குடியே நடத்துகிறது.

ஏன் இப்போது, இவ்வளவு அவசரமாகப் பெரிதாக்குகிறார்கள்?

வெளியாருக்குப் போன பங்கு நின்றுவிட்டது. கையில் பணம் நிற்கிறது. அது ஒன்று.

இரண்டாவது, போட்டி. லிங்கனில் தண்டர் வேலி, கேபே பள்ளத்தாக்கில் கேஷ் கிரீக், 2022இலிருந்து எல்க் குரோவில் ஸ்கை ரிவர். வளைகுடாப் பகுதிப் பணத்துக்கு எல்லோரும் வலை வீசுகிறார்கள். ஆனால் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 50 மைலில் முழு அளவு கேசினோ என்று இருப்பது கிரேட்டன்தான். சான் பாப்லோ ஊரின் கேசினோ இன்னும் பக்கம், ஆனால் அங்கே இருப்பவை இரண்டாம் வகுப்பு மெஷின்கள். திரையில் ஸ்லாட் மாதிரி சுற்றினாலும் உள்ளே ஓடுவது பிங்கோ. பழக்கப்பட்டவர்கள் அந்த வித்தியாசத்தைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் என் பார்வையில் பெரிய காரணம். பக்கத்திலேயே புதிதாக வருகிறவர்கள். கோய் என்ற இன்னொரு போமோப் பழங்குடி விண்ட்சர் ஊர் ஓரமாக 68 ஏக்கர் வாங்கி, 2021இல் கேசினோத் திட்டம் அறிவித்தது. பின்பலம் ஒக்லஹோமாவின் சிக்கசா தேசம் என்ற பழங்குடி. ஸ்காட்ஸ் வேலி என்ற வேறொரு போமோப் பிரிவு வலேஹோவில் கட்டப் பார்க்கிறது. இரண்டுக்கும் 2025 ஜனவரியில், பைடன் ஆட்சி முடியும் தறுவாயில், மத்திய உள்துறை பச்சைக்கொடி காட்டியது. இரண்டும் சச்சரவில் சிக்கின. கோய் திட்டத்தை எதிர்த்துக் கிரேட்டனே நீதிமன்றம் போனது. கோய் மக்களின் பூர்விகம் வடக்கே லேக் மாவட்டம், விண்ட்சர் அவர்கள் மண்ணே அல்ல என்பது கிரேட்டனின் வாதம்.

தங்களுக்குக் கிடைத்தது மற்றவருக்குக் கிடைக்கக் கூடாதா? இது என்ன நியாயம்?

கசக்கிற கேள்வி. கோய் மக்களின் லோயர் லேக் ரேஞ்சரியாவையும் அரசு 1956இல் பிடுங்கி, விமான நிலையத்துக்கென்று மாவட்டத்துக்கு விற்றது. அவர்களுக்கும் அங்கீகாரம் மறுபடி உறுதியானது அதே 2000ஆம் ஆண்டில்தான். அடி வாங்கியதில் இரு தரப்பும் சமம்.

சட்டத்தின் முடிச்சு எங்கே என்றால், 1988க்குப் பிறகு டிரஸ்ட்டில் வந்த நிலத்தில் பொதுவாகச் சூதாட்டம் கூடாது. விதிவிலக்குகளில் ஒன்று "மீட்கப்பட்ட பழங்குடியின் மீட்கப்பட்ட நிலம்". அந்த நிலத்தோடு வரலாற்றுத் தொடர்பு உண்டா என்பதில்தான் சண்டை முழுவதும். கிரேட்டன் சொல்வதில் நியாயமும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எடுக்க என்னால் முடியவில்லை. 2013இல் கிரேட்டன் திறந்தபோது, வடக்கே கைசர்வில்லில் ரிவர் ராக் கேசினோ நடத்தும் டிரை கிரீக் போமோக்களின் வருமானம் சரிந்ததையும் இந்த ஊர் பார்த்தது. அன்றைக்கு அழுதவர்கள் அவர்கள்.

போனிலேயே பந்தயம் கட்டும் வசதி வருமா?

கலிபோர்னியாவில் 2022இல் விளையாட்டுப் பந்தயத்துக்காக இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. ஒன்று பழங்குடிகள் கொண்டுவந்தது, மற்றது ஆன்லைன் கம்பெனிகள் கொண்டுவந்தது. டிவியைப் போட்டால் விளம்பரம் இதைத் தவிர வேறில்லை. மக்கள் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். கம்பெனிகளின் மசோதாவுக்கு எதிராக ஐந்தில் நான்கு பேருக்கு மேல். அதனால் எப்போது வந்தாலும் பழங்குடிகளைக் கேட்காமல் வராது. அதுவரை செங்கல், சிமென்ட், அடுக்கு பார்க்கிங்தான்.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க அழைத்துப் போகலாமா?

போகலாம். விளையாட்டுத் தளத்துக்குள் 21 வயது ஆகாதவர்களை விட மாட்டார்கள், பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போங்கள். மாநிலத்தின் புகைத்தடைச் சட்டம் ரிசர்வேஷனுக்குள் செல்லாது. அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தால் புகையில்லாத பகுதி எது என்று கேட்டு அங்கேயே நில்லுங்கள்.

என் அப்பா திருச்சியிலிருந்து வந்தபோது கூட்டிப்போனேன். சில்லறை கொட்டும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்து வந்தார். இப்போது நாணயமே கிடையாது. நோட்டை உள்ளே விட்டால் போதும், எழும்போது பொத்தானை அமுக்கினால் மிச்சத்துக்கு ஒரு சீட்டு வெளியே நீளும். சத்தமெல்லாம் ஸ்பீக்கரில் வருவது. அப்பா இருபது டாலர் போட்டார், கால் மணி நேரம் ஆடினார், மூன்று டாலர் நாற்பத்தைந்து சென்ட்டுக்குச் சீட்டு வந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைக் கவுன்டர் மெஷினில் கொடுத்துக் காசாக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வீடியோ காலில் காட்டுகிறார்: "தம்பி, அந்த ஊர் பஸ் டிக்கெட் ஒன்னு பைல கெடக்கு."

ஜாக்பாட் அடித்தால் வரி எவ்வளவு?

குடிமக்களும், கிரீன் கார்டுக்காரர்களும், வரிக் கணக்கில் "ரெசிடென்ட்" ஆக இருக்கும் எச்1பிக்காரர்களும் எவ்வளவு ஜெயித்தாலும் வருமானத்தில் காட்ட வேண்டும். ஒரே அடியில் 1,200 டாலர் வந்தால் மெஷின் நின்றுவிடும், ஆள் வந்து, ஜெயித்ததை வரித்துறைக்குச் சொல்லும் டபிள்யூ-2ஜி படிவம் எழுதுவார் என்பது நெடுங்கால வழக்கம். 2026இலிருந்து அந்த வரம்பு 2,000 டாலர். தோற்றதைக் கழித்துக்கொள்வதிலும் 2026இலிருந்து கத்தரி: தோற்றதில் 90 சதவீதம்தான் கழிக்கலாம். பத்தாயிரம் ஜெயித்துப் பத்தாயிரம் தோற்றவருக்கும் ஆயிரம் டாலருக்கு வரி வரும்.

சுற்றுலா விசாவில் வந்த அப்பா அம்மா ஸ்லாட்டில் ஜாக்பாட் அடித்தால் 30 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். தோற்ற கணக்கெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் பிளாக்ஜாக், ரூலெட், பாக்கரா மேசைகளில் ஜெயித்தால் அவர்களுக்கு இந்தப் பிடித்தமும் இல்லை.

கேசினோவுக்குப் போனால் குடியுரிமை மனுவில் சிக்கல் வருமா?

நல்லொழுக்கம் பற்றிய பிரிவில் சூதாட்டம் என்ற சொல் இருப்பதைப் படித்துவிட்டுப் பயந்த நண்பர் ஒருவர் கேட்டது இது. அந்தப் பிரிவு சட்டவிரோதச் சூதாட்டத்தைப் பற்றியது. கிரேட்டன் சட்டப்படி நடப்பது. ஜெயித்த பணத்தை வரிக் கணக்கில் மறைத்தால் அது வேறு வம்பு.

மெஷினில் ஏமாற்று வேலை உண்டா?

தேவையில்லை. கணக்கே அவர்கள் பக்கம்தான். ஒவ்வொரு சுற்றும் தற்செயல் எண்ணால் முடிவாகிறது. முந்தின சுற்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் கிடையாது. "இந்த மெஷின் ரொம்ப நேரமா கொடுக்கல, இப்போ கொடுக்கும்" என்பது நம் ஆசை பேசுவது.

கணக்குக்காக மெஷின் டாலருக்கு எட்டு சென்ட் வைத்துக்கொள்கிறது என்போம். சுற்றுக்கு ஒரு டாலர், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று. மணிக்கு 600 டாலர் ஓட்டுகிறீர்கள், சராசரியாக 48 டாலர் போகும். நூறு டாலரோடு உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுவார், நடுவில் நாலு முறை மணி அடித்து விளக்கு எரிந்திருந்தாலும். அதை இரண்டு மணி நேரப் பொழுதுபோக்குக்கு நூறு டாலர் என்று நினைத்துப் போகிறவர் பிழைத்துக்கொள்வார். போனதை எடுக்க மறுநாள் வருகிறவர்தான் மாட்டுவார்.

நம் ஆட்களிலும் அப்படி மாட்டியவர்கள் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள், அடுத்தடுத்துக் கைமாற்றுக் கேட்கும்போதுதான் தெரியும். கலிபோர்னியாவில் இலவச உதவி எண் 1-800-426-2537, இரவு பகல் எந்நேரமும். கேசினோவிடமே "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று எழுதிக் கொடுக்கும் வசதியும் உண்டு. எழுதிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது வார இறுதியில் என்னோடு பேட்மின்டன் ஆடுகிறார், அங்கேயும் தோற்றால் விடமாட்டேன் என்கிறார்.

புதிய அரங்கில் நம் தமிழ்க் கச்சேரிகள் நடக்குமா?

3,500 இருக்கை என்பது நம் திரையிசை நிகழ்ச்சிகளுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரிதான். பார்க்கிங் உண்டு, மேலேயே அறை உண்டு, அமைப்பாளர்களுக்கு ஆசை வரும். ஆனால் இப்படிப்பட்ட அரங்குகளில் வயது நிபந்தனை இருக்கும், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லி டிக்கெட் விற்ற தமிழ்க் கச்சேரி எதையும் நான் இந்த வளைகுடாவில் இன்னும் பார்க்கவில்லை.